போட்டியாளரின் பலவீனம்

அம்மாவின் இடியப்பக் கடைக்கு வியாபாரத் திட்டம் எழுதியது நான்தான். ஆறாம் வகுப்பிலே என் கையெழுத்துக்கு அப்படியொரு பேர். தலைக்கனமோ அதைவிடப் பெரிது.

அம்மா விடியற்காலை முதல் பஸ்ஸில் நிலாவெளிக்குப் போய், ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்த காலம். நல்ல திட்டம் எழுதுகிறவர்களுக்கு இடியப்பம் பிழியும் மெஷின் கிடைக்கும் என்று சொல்லி, துறைமுகப் பக்கம் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. மெஷின் கிடைத்தால் அம்மா வீட்டோடு இருப்பார். எனக்கு வேறென்ன வேண்டும்!

கேள்வி கேள்வியாக அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "உங்கள் போட்டியாளர் யார்? அவருடைய பலவீனம் என்ன?" என்ற இடத்தில் அம்மா முகத்தைச் சுளித்தார்.

"எங்களுக்கு ஆரோட போட்டி? ஒருத்தரும் இல்லையெண்டு எழுது பிள்ளை."

இல்லையென்று எழுதினால் மார்க் குறையாதா? அம்மா குசினிக்குள் போனதும் உள்ளதை எழுதிவிட்டேன். போட்டியாளர், எங்கள் ஒழுங்கையிலேயே அப்பம் சுட்டு விற்கும் பெரியம்மா. பலவீனம், அடுப்பில் கவனம் இல்லை; தினமும் காலையில் நாலைந்து அப்பமாவது கருகும்.

சனிக்கிழமை வகுப்புக்கு நானும் போனேன். மிஸ் அந்தப் பத்தியை எல்லாருக்கும் உரக்க வாசித்தார். "இப்பிடியெல்லோ எழுதவேணும்!" என்றார். மெஷினும் எங்களுக்கே என்றார். அம்மாவுக்குத் துணையாக வந்த பெரியம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். துள்ளிக் குதிக்க வேண்டிய அம்மா, தலையைக் குனிந்துகொண்டு அழுதார்.

வாசலுக்கு வந்ததும் என் முதுகில் ஒன்று விழுந்தது.

"அறிவு கெட்டதே! அவ ஆருக்காக..."

"விடு," என்று பெரியம்மா இடையில் புகுந்தார். "பிள்ளை உள்ளதைத்தானே எழுதினவள்." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

எனக்குப் பொல்லாத கோபம். மெஷின் வாங்கிக் கொடுத்தவளுக்கு அடியா? இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.

மெஷின் வர இன்னும் நாள் இருந்ததால், திங்கட்கிழமையும் அம்மா முதல் பஸ்ஸில் போய்விட்டார். வழக்கம்போலப் பெரியம்மா மூச்சிரைக்க ஓடி வந்து, என்னைப் பிடித்து இருத்தித் தலை பின்னத் தொடங்கினார். நான் ஆடிக்கொண்டே இருந்தேன்.

"ஆடாம இரு பிள்ளை, அப்பச்சட்டியை அடுப்பில விட்டிட்டு வந்தனான்."

அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. றிபன் கோணலாக இருக்கிறது என்று சொல்லி, அவிழ்த்து மறுபடியும் கட்ட வைத்தேன்.