சாணிப் பக்கத்துக்கு உபயதாரர் தேவை

"சார், ஒன்பதாம் பக்கம் காலியா இருக்கா?"

போன மாதம் ஒரு காலை, காபி டம்ளரும் கையுமாக இருந்தபோது வந்த போன் இது. பேசியவர் யாரென்று தெரியாது. சிட்லபாக்கத்திலிருந்து என்று மட்டும் சொன்னார்.

"ஒன்பது புக் ஆயிடுச்சே சார்... இருபத்திரண்டு இருக்கு."

"இருபத்திரண்டுல என்ன வருது?"

"எருமை சாணி போடுது."

லைன் கட்.

ஒன்றும் புரியவில்லையா? முதலிலிருந்து சொல்கிறேன்.

இத்தனை வருஷமாகப் பெரியவர்களுக்கு எழுதி, பெரியவர்களிடமே திட்டும் வாங்கி அலுத்துவிட்டது. குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுதினால் என்ன? எழுதினேன். கதை ரொம்பச் சின்னது. சிங்காரி என்கிற எருமை எங்கள் பக்கத்துக் கேம்ப் ரோட்டின் நடுவில் படுத்துக்கொள்கிறது. ஸ்கூட்டர் நிற்கிறது. ஸ்கூல் வேன் நிற்கிறது. தண்ணி லாரி, பஸ் எல்லாம் நிற்கின்றன. போலீஸ்காரர் விசில் ஊதுகிறார். ஒரு தலைவர் காரிலிருந்து இறங்கி உரையாற்றுகிறார். சிங்காரி அசையவில்லை. கடைசியில் தானாக எழுந்து, வாலைத் தூக்கி, நிதானமாகச் சாணி போட்டுவிட்டு ஏரிக்குப் போய்விடுகிறது.

அவ்வளவுதான் கதை.

ஒரு பதிப்பகம் "இதில் நீதி என்ன?" என்று கேட்டது. இன்னொன்று பதிலே போடவில்லை. சரி, நாமே போடுவோம் என்று இறங்கினேன். இருபத்து நான்கு பக்கம், எல்லாம் கலர். அச்சகத்தில் செலவைச் சொன்னதும் நானும் சிங்காரி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

"கிரவுட்ஃபண்டிங் பண்ணலாம் அங்கிள், நெட்ல ஆளுக்குக் கொஞ்சம் போடுவாங்க," என்றாள் நிவேதா. படங்கள் வரைந்த பெண். வெப்சைட்டில் பக்கம் திறந்தாள், வீடியோ எடுத்தாள், லிங்க் கொடுத்தாள். நான் அதை என்னிடம் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன்.

கட்டைவிரல்கள் குவிந்தன. கூப்பிய கைகள் வந்தன. ரோஜாப்பூ வந்தது, கொத்துக் கொத்தாக. அச்சகத்தில் ரோஜாப்பூ வாங்கிக்கொள்வார்களா என்ன? இரண்டு வாரத்தில் பணம் போட்டவர் ஒரே ஒருவர் – என் மனைவி வசந்தி. அதுவும், "லிங்க் வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்றாள்.

இந்த இடத்தில்தான் ரங்கராஜன் சார் உள்ளே வருகிறார். எங்கள் காலனி நலச் சங்கத்தின் செயலாளர். ரிட்டயர்டு அதிகாரி. காலனிப் பிள்ளையார் கோயிலுக்கு இரண்டு கும்பாபிஷேகம் வசூல் செய்து முடித்த அனுபவசாலி.

"லிங்க்கை யாரும் தொட மாட்டாங்க சார். தொட்டா அக்கவுண்ட் காலியாயிடும்னு பசங்க மிரட்டி வெச்சிருக்காங்க. நம்ம ஜனங்க எதுக்குக் காசு கொடுப்பாங்க, சொல்லுங்க?"

"நல்ல காரியத்துக்கு..."

"பேர் போட்டா கொடுப்பாங்க. நம்ம கோயில் ட்யூப் லைட்டைப் பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். 'உபயம்' என்று ஆரம்பித்து, தாத்தா முதல் கடைசிப் பேத்தி வரை எல்லார் பெயரையும் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். மிச்சமிருக்கிற இடத்தில் கொஞ்சம் வெளிச்சமும் வரும்.

"பக்கத்துக்கு ஒரு உபயம். அடியில ஒரு வரி, பேர். ரசீது புக் அடிக்கக் கொடுத்துட்டேன்," என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை.

நம்ப மாட்டீர்கள், நாலே நாளில் இருபத்து மூன்று பக்கம் போய்விட்டது. தண்ணி லாரிப் பக்கத்தை நிஜமாகவே லாரி வைத்திருப்பவர் எடுத்துக்கொண்டார் – லாரியில் தன் போன் நம்பர் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. தலைவர் பக்கத்தை அடுத்த தேர்தலில் வார்டுக்கு நிற்க ஆசைப்படும் ஒருவர் பிடித்தார். "மீசை மட்டும் கொஞ்சம் நம்ம மாதிரி இருக்கட்டும்" என்றார். எட்டாம் பக்கம் எடுத்தவருக்கு எட்டு ராசியில்லையாம். அதனால் புத்தகத்தில் ஏழு, ஏழு-ஏ, அப்புறம் நேராக ஒன்பது. குழந்தைகளுக்கு எண்ணத் தெரியும் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

மிஞ்சியது இருபத்திரண்டு. சாணிப் பக்கம்.

யாரும் கிட்டே வரவில்லை. "எங்க மாமனார் நினைவா போடறது சார், அதுல போய்..." என்று ஒருவர் இழுத்தார். ரங்கராஜன் சாரின் நண்பர்களில் திருநீர்மலையில் வீடு வாங்கிப் போனவர்களைக்கூடக் கேட்டுப் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும். சிட்லபாக்கத்துக்காரர் லைனைக் கட் செய்தது வியாழக்கிழமை.

அன்று மதியம் ரங்கராஜன் சார் தீர்ப்பு சொன்னார். "அந்தப் பக்கத்துல சாணிக்குப் பதிலா ஒரு தாமரைப்பூ வெச்சிடலாம். உடனே ஆள் வந்துடும்."

"எருமை தாமரைப்பூ போடுமா சார்?"

"குழந்தைங்க கதைதானே..."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் போனதும் வருத்தம் வந்தது. ஏன் தெரியுமா? மாதிரிப் புத்தகத்தை எங்கள் ஃப்ளாட் குழந்தைகளுக்கு ஒருநாள் படித்துக் காட்டியிருந்தேன். அந்தப் பக்கம் வந்ததும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தன. "இன்னொரு தடவை அங்கிள்" என்று நாலு முறை படிக்க வைத்தன. நான் எழுதிய எதையும் இதுவரை யாரும் 'இன்னொரு தடவை' என்று கேட்டதில்லை.

நானே பணம் போட்டு என் பெயரைப் போட்டுக்கொள்ளலாமே என்கிறீர்களா? வசந்தி விடவில்லை. "நாளைக்குப் பொண்ணு கல்யாணப் பத்திரிகையை நீட்டினா, 'ஓ, அந்தச் சாணிப் பக்கம் வீடா'ன்னு கேப்பாங்க. வேணாம்" என்றாள்.

சாயங்காலம் இன்னொரு போன். சேலையூர் கன்னியப்பன். பழைய ஊர்க்காரர். நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார், செங்கல் மணல் கடை வைத்திருக்கிறார். ஆசைக்கு எருமைகளும் உண்டு. கேம்ப் ரோட்டில் படுத்துக்கொள்பவை அவருடையவைதான்.

"இன்னா சார், நம்ம மாட்ட வெச்சி புக்கு போடுறீங்களாமே? நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

போச்சு. இது வேறா? மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிரிக்கவில்லை. இருபத்திரண்டில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு சார் வரைஞ்சது?"

"ஒரு பொண்ணு..."

"அப்படியே கீது சார். அடுக்கு அடுக்கா, மேல ஒரு சுழி. இது நம்ம எரும லட்சுமி போட்டதுதான். இன்னா, எல்லா பக்கத்துலயும் பேரு கீது, இதுல மட்டும் காணோம்?"

விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கவே இல்லை.

"மாடித் தோட்டத்துக்கு எரு வேணும்னு உங்க காலனிக்காரங்க பக்கெட் தூக்கினு வந்து நிக்கிறாங்களே, அப்போ கசக்கல. பேரு போட மட்டும் கசக்குதா? போடு சார் நம்ம பேர."

பணத்தை எடுத்தவர் கையை நிறுத்தினார். "நம்ம பேரு மட்டும் போட்டா நியாயம் இல்ல சார். வேலைய செஞ்சது அது."

அப்படியே போட்டோம். *உபயம்: கன்னியப்பன், சேலையூர். உழைப்பு: லட்சுமி.*

இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் வெளியீடு. புத்தகம் கைக்கு வந்ததும் குழந்தைகள் நேராக இருபத்திரண்டைத்தான் திறந்தன. அடுத்த நிமிஷம் கையெழுத்துக்கு வரிசை நின்றது. என்னிடம் இல்லை – வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்த கன்னியப்பனிடம். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடக் கூடுதல்.

கூட்டம் கலைந்ததும் ரங்கராஜன் சார் ரசீது புத்தகத்தோடு என் காதருகே வந்தார். "சார், ரெண்டாம் பதிப்புல இருபத்திரண்டாம் பக்கம் வேணும்னு பதினோரு பேர் பேர் கொடுத்திருக்காங்க. கன்னியப்பனைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்களேன்."

கேட்டேன். கன்னியப்பன் முடியாது என்றுவிட்டார். வேண்டுமானால் அடுத்த கதையில் எருமையைப் பதினொரு தடவை சாணி போட வைக்கச் சொல்கிறார்.

எழுத ஆரம்பித்துவிட்டேன். இதுவரை நாலு தடவை போட்டிருக்கிறது.