சிங்களம் பேசிய பேய்

ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டலாகிவிட்டது. அதன் இணையப் பக்கத்தில் ஒரு பேய்க்கதை போட்டிருக்கிறார்கள். காதலனுக்காகக் காத்திருந்தே செத்துப்போன வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி வெள்ளை உடுப்பில் வராந்தாவில் உலாவுகிறாளாம். வெளிநாட்டுக்காரர்கள் அதற்கென்றே வந்து தங்குகிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. அது எங்கள் வீட்டுப் பேய். தாத்தாவின் தங்கை. கடைசியில் அவரையும் வெள்ளைக்காரியாக்கிவிட்டார்கள்.

தாத்தாவின் தங்கை, துரை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக அந்தப் பங்களாவில் இருந்தவர். இருபது வயதில் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் விழுந்து இறந்துபோனார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. உடம்பு கிடைக்கவில்லை. கரையில் கிடந்த சேலையைத் தாத்தா எடுத்துவந்து, அதை வைத்தே காரியம் செய்து முடித்தாராம். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அவருக்கு ஒரு சேலை வைத்துப் படைப்போம். உச்சிவேளையில் அவர் பங்களா வராந்தாவில் நடப்பார் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பத்து வயது. சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். பால்மா டின்னில் கரண்டி இருக்கும் கோணத்தை வைத்தே யார் களவாகத் தின்றது என்று கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் குணத்துக்கு இன்றைக்குக் கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனி மேசையும் கதிரையும் போட்டுக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் அது தொல்லையாகத்தான் இருந்தது. அப்பா கொழும்பில் வேலை. வீட்டில் தாத்தா, அவர் மகளான அம்மா, அம்மாவின் தங்கையான என் சித்தி, நான்.

வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பங்களாவைக் கொழும்புக்காரர் ஒருவர் எடுத்து, பழுது பார்க்க ஆரம்பித்தது அந்த வருடம்தான். கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சித்தி போனாள். அவளுக்கு ஹுன்னஸ்கிரியவில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு வந்தாலே சித்தி எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை தீனி தின்று எங்கள் கோழிகள் நடக்க முடியாமல் திணறின.

பங்களாவுக்குப் போக ஆரம்பித்த இரண்டாம் மாதம் அவள் மாறிப்போனாள். வேலைக்குப் போகும்போது தலையில் பூ. துடைக்கப் போகிறவளுக்கு எதற்குப் பூ? சோற்றில் கையை வைத்தபடி தனக்குத்தானே சிரித்தாள். அம்மா மூன்று முறை கூப்பிட்டால் ஒரு முறைதான் காதில் விழுந்தது. அவள் சேலையில் மரத்தூளும் வார்னிஷும் கலந்த ஒரு வாசம். ஒவ்வொன்றையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். பங்களாவில் இருக்கிற ஏதோ ஒன்று சித்தியைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தைப் பதினொரு மணிக்கே விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் நேரே மேட்டில் ஏறினேன். தொழிலாளிகள் எல்லாம் வெளியே மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமாகப் போய் ஒரு ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பெரிய அறை. அதில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கறுப்பு அலுமாரி, கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் சித்தி தனியாக நின்றாள். தலையில் பழைய வெள்ளை ஜன்னல் திரையை முக்காடாகப் போட்டிருந்தாள். அலுமாரியைப் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ சொன்னாள், சிரித்தாள், திரும்பச் சொன்னாள். கடைசியில் "ஹரித?" என்று கேட்டாள். சரியா என்று அர்த்தம், அவ்வளவு எனக்கும் தெரியும்.

அலுமாரிக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது.

நான் எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. தட்டுச் சத்தம்கூட எனக்குப் பெரிதில்லை. சித்திக்குச் சிங்களம் வராது! கடையில் பருப்பு வாங்குவதற்கே விரலைக் காட்டுகிறவள் அவள். தெரியாத பாஷையை ஒருத்தி பேசினால் என்ன அர்த்தம் என்று எங்கள் லயத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அய்யோ, அவளுக்குச் சிங்களமே வராதே" என்று, நான் கண்டதைச் சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாத்தா அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேய் பிசாசு என்றால் அவருக்கு இளக்காரம். பேயோட்டுகிற கோடாங்கியை வாசல்பக்கம்கூட அண்டவிட மாட்டார். ஆனால் அன்றைக்கு அவர் முகம் வெளுத்துப்போனது.

"சிங்களமா? நெசமாத்தானா புள்ள? சிங்களத்துலதான் பேசுச்சா?"

இதையே மூன்று தடவை கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கோடாங்கியைக் கூப்பிட அவரே கிளம்பிப் போனார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்குக் கோடாங்கி வந்தார். சித்தியை ஈரச் சேலையோடு நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். சாம்பிராணிப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. உடுக்கையை அடித்து அடித்து, "யாரு நீ? எங்கருந்து வந்த?" என்று கோடாங்கி கேட்டுக்கொண்டேயிருந்தார். சித்தி முதலில் மிரண்டு போய் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேப்பிலைக் கொத்தால் இரண்டு அடி விழுந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அப்புறம்தான் மெதுவாக ஆட ஆரம்பித்தாள். கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. முதலில் சிங்களத்தில் நாலு வார்த்தை வந்தது. பிறகு தாத்தாவின் தங்கை பெயரைச் சொன்னாள்.

கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோழி வேண்டுமா, சாராயம் வேண்டுமா என்று கோடாங்கி கேட்க வாயெடுத்தார். அதற்குள் தாத்தா அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, சித்திக்கு எதிரே மண்டியிட்டார்.

"எப்ப செத்த தாயி?" என்றார்.

உடுக்கை நின்றுபோனது. எந்தப் பேயிடமும் யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சித்தி ஆட்டத்தை மறந்து ஒரு கணம் விழித்தாள். முடிக்கு நடுவே அவள் கண் திறந்ததை நான் பார்த்தேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, அழுகிற குரலில், "அண்ணே, மறந்துட்டியா?" என்றாள்.

தாத்தா உடைந்து போனார். அவர் அழுது யாரும் கண்டதில்லை. "மறக்கல தாயி, ஒரு நாளும் மறக்கல. என்ன வேணும் சொல்லு, நான் செய்யுறேன்" என்று சித்தியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் புள்ளைக்கு ஹுன்னஸ்கிரிய மாப்பிள்ளை வேணாம். அவ மனசுக்குப் புடிச்சவன் யாரா இருந்தாலும் அவனுக்கே குடு. இல்லாட்டி நான் எறங்க மாட்டேன்."

தாத்தா எரிகிற சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். கோடாங்கி சித்தியின் உச்சிமுடியில் ஒரு கற்றையை நறுக்கி, முள்முருக்கு மரத்தில் வைத்து ஆணி அடித்தார். பேய் இறங்கிவிட்டது.

மனசுக்குப் பிடித்தவன் பங்களாவில் வேலை செய்த சிங்களத் தச்சு பாஸ் என்று தெரிந்தபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சத்தியம் சத்தியம்தான் என்று தாத்தா சொல்லிவிட்டார். இப்போது சித்திக்குப் பல்லேகலவில் வீடு, இரண்டு பிள்ளைகள். அலுமாரிக்குள் அன்றைக்கு உட்கார்ந்து பின்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தது சித்தப்பாதான். தனக்கு முந்தின நாள் சொல்லிக்கொடுத்த சிங்களத்தைச் சித்தி அவரிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள், அவர் சுத்தியலால் தட்டிச் சரி சொல்லியிருக்கிறார். உடுக்கைக்கு முன்னால் உண்மையைச் சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்ற பயத்தில், செத்துப்போன அத்தையின் பெயர் வாயில் வந்ததாம். இதையெல்லாம் வெகுநாள் கழித்துச் சித்தியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் சிரித்ததெல்லாம் தாத்தா இறக்கும்வரைக்கும்தான். வானொலியில் மரண அறிவித்தல் கொடுத்திருந்தோம். மறுநாள் பகலில், வெள்ளைச் சேலையைச் சிங்களக் கட்டாகக் கட்டிய ஒரு வயதான அம்மா, இரண்டு மகன்கள் கைத்தாங்கலாகப் பிடித்துவர, எங்கள் லயத்துப் படியில் ஏறினார். முகம் அப்படியே தாத்தாவின் முகம். நேரே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "அண்ணே" என்றார்.

அவர் குளத்தில் விழவே இல்லை. பங்களாவில் சமையல் வேலை பார்த்த சிங்கள அப்புவோடு போய்விட்டார். சேலையைக் கரையில் போட்டதும், குளத்தில் போனாள் என்று ஊரை நம்ப வைத்ததும் தாத்தா. கடுகண்ணாவையில், எங்களுக்கு இரண்டு பஸ் தூரத்தில்தான் அத்தனை வருடமும் இருந்திருக்கிறார். "அண்ணன் என்னக்காவது தேடி வரும்னு இருந்தேன்" என்று தடுமாறுகிற தமிழில் சொன்னார். தினமும் வானொலியில் தமிழ் மரண அறிவித்தலைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாராம். சித்தி அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் ஓடினாள். நான் போய்ப் பார்த்தபோது சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

கோடாங்கி வந்துபோன மறுநாள் காலை தாத்தா மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பேய் இறங்கியதற்கு நேர்த்திக்கடன் என்று லயமே பேசிக்கொண்டது. அதற்கு முன்பு ஒவ்வொரு வருடமும் சிங்களவர்களின் பெரஹரா ஊர்வலம் பார்க்க என்னைக் கண்டிக்குக் கூட்டிப் போவார். அங்கே யானைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கூட்டத்தின் முகங்களைத்தான் பார்ப்பார். அந்த வருடத்தோடு அதையும் நிறுத்திவிட்டார்.

அவருடைய மொட்டைத் தலையைத் தடவிச் சிரித்துக்கொண்டே நான் கேட்டேன். "அவங்க எப்ப செத்தாங்கன்னு ஒங்களுக்குத்தான் தெரியுமே தாத்தா, பெறகு ஏன் கேட்டீங்க?"

தாத்தா என் கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு, "வயசாயிருச்சுல்ல புள்ள, மறந்துபோச்சு" என்றார்.

வீட்டில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் அப்படியே நம்பிவிட்டு விளையாடப் போனேன்.