கத்தரிக்கோல் பிடித்தது நான்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸில் ஒரு பகிடி நடந்தது.

காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ். நான் பின்சீற்றில், ஜன்னலோரம். வலந்தலைச் சந்தியில் ஒரு பெண் ஏறினார். ஐம்பது வயதிருக்கும். கையில் பன்புல்லால் இழைத்த ஒரு பை. ஏறும்போதே என்னைக் கண்டு தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

கொண்டக்டர் டிக்கட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்:

"என்னக்கா, கத்தரிக்கோலும் கொண்டு வந்தனீங்களோ? எனக்கும் தலைமயிர் வளந்து போச்சு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. "நாய்க்கு வெட்டின கையடாப்பா, காதைப் பொத்திக்கொள்!" என்று முன்னாலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு சிரிப்பு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. டிக்கட்டை இரண்டாக மடித்தார்… நாலாக மடித்தார்… பொன்னாலைப் பாலத்துக்கு முந்திய தரிப்பில் மணியடித்து இறங்கிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கு எடுத்த டிக்கட் அது! பின் கண்ணாடியால் பார்த்தேன். வந்த வழியே, வெயிலில், வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று, "நிப்பாட்டுங்கோ, அது அவ இல்லை" என்று சொன்னேனா?

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன் — முதல் சிரிப்பில் என் வாயும் கொஞ்சம் கோணியது.

அந்தப் பகிடியை ஊருக்குக் கொடுத்தவன் நான்தான். மூன்று கிழமைக்கு முதல், இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில். "நாய்க்கு முடி திருத்திய அயல்வீட்டு அம்மாள்" என்று எழுதினேனே… வாசித்திருப்பீர்கள். சிரித்துமிருப்பீர்கள். அது பொய். முழுப் பொய்யாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. உண்மையான நாய், உண்மையான காயம், உண்மையான பெண் — எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றிய பொய்.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரியக்கா கணவரோடு தெற்கே ஒரு பட்டினத்தில் முப்பது வருடம் கடை நடத்தியவர். அத்தான் போனபிறகு கடையை மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். வரும்போது ஒரு தையல் மெஷின், இரண்டு ட்ரங்குப் பெட்டி, மடியில் டொலி.

டொலி சின்ன நாய். வெள்ளை. முயலை விடக் கொஞ்சம் பெரிது, ஆனால் மயிர் நிலத்தைக் கூட்டும். எங்கள் ஊர் நாய்களுக்கு அதைப் பார்த்துக் குரைப்பதா, ஓடுவதா என்று பல நாள் முடிவெடுக்க ஏலாமல் இருந்தது.

பெரியக்கா காலையில் தேத்தண்ணி குடித்ததும் டொலியை மடியில் போடுவார். பல் அகன்ற சீப்பால் முதலில், பிறகு பேன்சீப்பால். நுனியிலிருந்து தொடங்கி வேருக்குப் போவார். சிக்கு வந்தால் ஒரு துளி தேங்காயெண்ணெய், பிறகு விரல்தான். அரை மணித்தியாலம். அத்தான் உயிரோடு இருந்த காலத்தில் அந்த வேலை அத்தானுடையதாம். அதை ஒரேயொரு தரம்தான் என்னிடம் சொன்னார்.

கண்ணில் படலம் வெட்ட யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் பெரியக்கா போனபோது, என் மனைவியும் துணைக்குப் போனாள். வீட்டில் நானும் டொலியும்.

"தம்பி, ஒவ்வொரு நாளும் சீப்பாலை இழுத்துவிடு. காதுக்குப் பின்னாலை, கமக்கட்டுக்குள்ளை… அங்கைதான் சிக்குப் பிடிக்கும். சிக்கெடுக்க முந்தித் தண்ணி காட்டாதை, இறுகிப்போம். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம்."

"ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றேன்.

முதல் நாள் வாசலில் கதிரையைப் போட்டு, டொலியை மடியில் வைத்து, சீப்பை எடுத்தேன். றோட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் போனார்கள். ஒருத்தி மற்றவளின் முழங்கையை இடித்தாள். அவ்வளவுதான்! சீப்பை டக்கென்று சாரத்துக்குள் ஒளித்துவிட்டேன். ஆங்கிலமும் பூமிசாஸ்திரமும் படிப்பிக்கிற மாஸ்டர் நாய்க்குத் தலை இழுக்கிறதா? உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு இழுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு நாள்.

டொலிக்கு எட்டு நாளும் கொண்டாட்டம். வளவெல்லாம் திரிந்தது. நெருஞ்சி முள், ஒட்டுப்புல், மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தது. எட்டாம் நாள் பின்னேரம் தடவிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் தேங்காய்ப் பொச்சுப் போல ஒரு கட்டி. முன்காலின் கமக்கட்டுக்குள் இன்னொன்று. வயிற்றடியில் ஒரே பாய்.

இன்னும் அஞ்சு நாளில் பெரியக்கா வந்துவிடுவார். பயம் பிடித்தது. பயம் பிடித்தவன் என்ன செய்வான்? சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வான். கிணற்றடிக்குக் கொண்டுபோய் இரண்டு வாளி தண்ணீர் வார்த்துச் சவர்க்காரம் போட்டேன். சிக்கெல்லாம் இறுகிக் கல்லாகிவிட்டது.

பிறகு மனைவியின் தையல் கத்தரிக்கோலை எடுத்தேன்.

மயிர் எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று ஈரத்தில் தெரியாது. காதுக்குப் பின்னாலிருந்த கட்டியை இழுத்துப் பிடித்து ஒரே வெட்டு. டொலி போட்ட சத்தம் இப்போதும் கேட்கிறது. கட்டியோடு ஒரு சதக்காசளவு தோலும் என் கையில் வந்திருந்தது. வெள்ளை நாய் பாதி சிவப்பு.

அந்தச் சத்தத்துக்கு வேலிப் பொட்டுக்குள்ளால், ஆள் குனிந்து நுழைகிற அந்த இடைவெளியால், ஓடி வந்தவர்தான் அயல்வீட்டுச் சின்னத்தங்கம் அக்கா. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தவர். கணவர் தெற்கே கடையில். இவர் இங்கே இரண்டு பசுவோடு. மாட்டுக்குக் காயமென்றால் அயலெல்லாம் அவரைத்தான் கூப்பிடும்.

"அதை முதல்லை கீழை வையுங்கோ மாஸ்டர்" என்றார். கத்தரிக்கோலை. நான் அதை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

சேலைத் தலைப்பால் காயத்தை அமத்திப் பிடித்தார். இரத்தம் நின்றதும் மஞ்சள் வைத்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த நாலு நாளும் பால் கறந்த கையோடு வந்து, டொலியை மடியில் போட்டு, தேங்காயெண்ணெயும் விரலுமாக மிச்சச் சிக்கு முழுவதையும் எடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். என் பங்கு அவ்வளவுதான்.

பெரியக்கா வந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றதிலும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கதிரையில் இருந்ததும் கையை நீட்டினார். டொலி பாய்ந்து ஏறியது. கை தலையைத் தடவியது… முதுகைத் தடவியது… காதுக்குப் பின்னால் போய் நின்றது. விரல்கள் அந்த மொட்டை இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"இதென்ன தம்பி? ஆர் வெட்டினது?"

"சின்னத்தங்கம் அக்கா… சிக்கெடுக்கிறன் எண்டு… தெரியாமல்…"

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாய் தானாகச் சொன்னது. ஆனால் அடுத்த நிமிஷம் திருத்தியிருக்கலாம். அதற்கடுத்த நிமிஷமும்.

பெரியக்கா டொலியை மடியோடு இறுக்கிக்கொண்டார். அடுத்த நாள் சின்னத்தங்கம் அக்கா தோடம்பழ யூஸ் பிழிந்துகொண்டு பார்க்க வந்தார். "நித்திரை எண்டு சொல்லு" என்றார் பெரியக்கா. நான் போய்ச் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். நாலாம் நாள் அவர் வரவில்லை.

அந்தக் கிழமை எனக்கு எழுத விஷயம் கிடைக்கவில்லை. அதனால்… எழுதினேன். கத்தரிக்கோலோடு ஓடி வருகிற அம்மாள், தலைதெறிக்க ஓடுகிற நாய், நடுவில் அப்பாவி மாஸ்டர். நன்றாகத்தான் வந்திருந்தது. 'பெயரைப் போடவில்லையே' என்று மனதுக்குச் சமாதானம் வேறு. காரைநகரில் அப்படி ஒரு நாய்தான் உண்டு. அந்த நாய்க்கு ஒரு பக்கத்தில்தான் அயல்வீடு உண்டு.

பஸ்ஸில் அது நடந்த செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்ததும் பெரியக்காவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி குசினி வாசலில் கரண்டியோடு நின்று கேட்டாள்.

பெரியக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை.

"அவள் யூஸ் கொண்டு வந்தவள்" என்றார். டொலியைத் தடவிக்கொண்டே, "மூண்டுதரம் கொண்டு வந்தவள்" என்றார். பிறகு, "என்னைக் கூட்டிக்கொண்டு போ."

கட்டுக்கு மேல் கறுப்புக் கண்ணாடியோடு அவரைக் கைப்பிடித்து வேலிப் பொட்டுக்குள்ளால் குனியவைத்துக் கூட்டிப் போனேன். சின்னத்தங்கம் அக்கா மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தார். கண்டதும் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ, கண்ணோடை உப்பிடி நடக்கலாமோ? இருங்கோ, முதல்லை இருங்கோ!"

பெரியக்கா இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னார். "சின்னத்தங்கம், நான் உன்னைக் கேட்டிருக்க வேணும். கேட்காமல் விட்டிட்டன். பிழை."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் முறை. வாத்தியார் மன்னிப்புக் கேட்டால் எப்படி இருக்கும்? நீளமாக இருக்கும். சின்னத்தங்கம் அக்கா முழுவதையும் கேட்டார்.

"மாஸ்டர், என்ரை பெயரைப் போடேல்லை எண்டு சொல்லுறியள். போட்டிருக்கலாம். போட்டிருந்தால், 'இது பொய்' எண்டு ஆரோடையாவது சண்டை பிடிச்சிருப்பன். பெயரில்லாத இடத்திலை நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? 'அது நானில்லை' எண்டு சொன்னால், 'உன்னை ஆர் சொன்னது?' எண்டெல்லோ கேப்பினம்?"

இருபது வருடமாக எழுதுகிறேன். எத்தனையோ பேரைப் பெயர் போடாமல் எழுதியிருக்கிறேன். அதை ஒரு நாகரிகம் என்றே நினைத்திருந்தேன்.

"இந்தமுறை பெயரைப் போடட்டோ?" என்று கேட்டேன்.

"போடுங்கோ. சின்னத்தங்கம் எண்டு வடிவாப் போடுங்கோ."

போட்டிருக்கிறேன்.

பெரியக்காவின் கட்டு அவிழ்த்தாயிற்று. தடித்த கண்ணாடி வந்திருக்கிறது. டொலியின் மொட்டை இடத்தில் பூனைமயிர் போலக் கொஞ்சம் முளைத்திருக்கிறது. காலையில் பெரியக்கா ஒரு பக்கமும் சின்னத்தங்கம் அக்கா மறுபக்கமும் இருந்து அதைச் சீவுகிறார்கள். நான் அந்த இடத்துக்குப் போனால் கதை நின்றுவிடும். அதனால் போவதில்லை.

தபாலில் போட முதல், இதைக் கொண்டுபோய்ச் சின்னத்தங்கம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அசையாமல் கேட்டார். மஞ்சளோடு வேப்பெண்ணெயும் வைத்ததாக ஒரு திருத்தம் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உதிலையும் நீங்கள் நல்லவராத்தான் வாறியள் மாஸ்டர். பிழையை ஒத்துக்கொண்ட பெரிய மனுசன் எண்டு இனிச் சனம் உங்களைத்தான் புகழப்போகுது."

ஆகவே, வாசகர்களே… தயவுசெய்து என்னைப் புகழ்ந்து ஒரு போஸ்ட்கார்ட்கூடப் போடாதீர்கள்.