கச்சானில் பாய் வைத்தது

பாய் என்றால் எங்கள் வீட்டில் படுக்கிற பாய்தான். வள்ளத்தின் பாய் எங்கள் ஊரான சல்லியின் கரையில் பேச்சோடு நின்றுவிட்டது. ஒருவருக்கு நாலு காசு வரத் தொடங்கினால் "அவருக்கு இப்ப பாய் நிறையக் காத்து" என்பார்கள். சோம்பி இருப்பவனைப் பார்த்து, "பாய் இறக்கிப்போட்டு இருக்கிறான்". சொல்கிறவர், கேட்கிறவர் எல்லாரிடமும் இருப்பது எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளம். பாய் வைத்து ஓடின ஒருவரையும் நான் கண்டதில்லை. எனக்கோ இப்படியான சொற்களைப் பிடித்துக்கொண்டு அலைகிற விசர்.

எஞ்சினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லாமல் போன வருஷம் அது. நான் படித்த கம்பஸைப் பூட்டி மாணவர் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்காவின் வீட்டில்தான் இருந்தேன். அத்தான் வெறும் கானைக் கொண்டுபோய் வரிசையில் நிற்பார், வெறும் கானோடு வருவார். வள்ளம் மணலில் காய்ந்தது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாருக்கும் ஒரே களைப்பு. என்னால் அப்படி இருக்க ஏலாது.

"அத்தான், பாய் வைப்பம்."

"வைச்சுத்தானே நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறாய்."

"வள்ளத்துக்கு, அத்தான்!"

குசினிக்குள் இருந்து அக்கா கேட்டாள்: "இதையோ கம்பஸில படிப்பிச்சவை?"

அத்தான் சிரிக்கவில்லை. யோசித்தார். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற கச்சான், மேற்கேயிருந்து வந்து கரையைத் தாண்டிக் கடலுக்குப் போகிற காற்று. பின்னேரத்தில் அது தணிய, கடற்காற்று கரைக்குத் திரும்பும். "போகக் கச்சான், வரக் கடற்காத்து. சரி, செய்து பாப்பம்" என்றார்.

கருவாடு மூடுகிற நீலத் தறப்பாளை வெட்டி ஓரம் தைத்தோம். மூங்கில் ஒன்றை நட்டோம். போனில் வீடியோ பார்த்து நான் கட்டியதை அவர் அவிழ்த்தார். அவர் கட்டியதைக் காற்று அவிழ்த்தது. இரண்டு பேருக்கும் தெரியாத வேலை என்பதால் சண்டை வரவில்லை.

விடிய வள்ளத்தை இறக்கினோம். பாய் ஒருக்கால் படபடத்தது, பிறகு வயிறு ஊதி நின்றது. சத்தமே இல்லாமல் வள்ளம் ஓடியது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கரையில் நின்ற ஒருவர் எனக்கு முதல் கத்தினார்:

"எங்க, அவுஸ்திரேலியாவுக்கோ?"

"ஓம், விசாவும் எடுத்தாச்சு!" என்றார் அத்தான்.

வலை விட்டு இழுத்ததில் கொஞ்சம் பாரை, கொஞ்சம் சூடை. அதற்குப் பிறகு காத்திருந்தோம். வெயில் தலைக்கு மேல் வந்து சரிந்தது, கடற்காற்று வரவில்லை. கச்சான்தான் இன்னும் கூடியது. தோலை உலர்த்தி, உதட்டை வெடிக்கவைக்கிற சூடான காற்று. பாயைச் சரித்துக் கரைப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தட்டை அடி வள்ளம், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வழுகியது. பாயை இறக்கினோம். இறக்கியும் வள்ளம் வெளிக்கடலுக்கே போனது. கரையில் உயர்ந்து நிற்கிற கோணமலை ஒரு கல்லளவுக்குச் சின்னதாகிவிட்டது.

துடுப்பு வலித்தோம். வலிக்கிற வரைக்கும் வள்ளம் நின்ற இடத்தில் நிற்கும். கை ஓய்ந்தால் வலித்ததெல்லாம் போய்விடும்.

துறைமுகப் பக்கம் போய்க்கொண்டிருந்த பெரிய வள்ளம் ஒன்று எங்களைக் கண்டு கிட்ட வந்தது. மூதூர் ஆட்கள்.

"ஏறுங்கோ தம்பிமார். வள்ளத்தை விடுங்கோ. இழுத்துக்கொண்டு போக எங்களிட்டயும் எண்ணெய் காணாது."

அத்தான் என்னைப் பார்த்தார். "நீ ஏறு."

"நீங்கள்?"

"பத்து வருஷம் மற்றவன்ர வள்ளத்தில கூலிக்குப் போனனான். திரும்பவும் போக ஏலாது."

எனக்கு ஏறத்தான் மனம். கால்கூடத் தூக்கினேன். ஆனால் ஒரு ஆள் வலித்து எங்கள் வள்ளம் கரைக்கு வராது, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூதூர் ஆட்கள் ஒரு போத்தல் தண்ணீரும் பாணும் எறிந்துவிட்டு, தங்களுக்குள் ஏதோ ஏசிக்கொண்டு போனார்கள்.

"ஏறியிருக்கலாமடா, மோடா" என்றார் அத்தான்.

"வலியுங்கோ."

உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஓய்ந்தால்தான் வள்ளம் போகிறது, ஓயாமலும் ஏலாது. தறப்பாளைத் தண்ணீருக்குள் விட்டால் பிடிக்குமே என்று எனக்குத் தோன்றியது. நாலு மூலையிலும் கயிறு கட்டி, வலைக்கல் ஒன்றைக் கோர்த்து, முன் பக்கத்தால் விட்டோம். கடலுக்குள் அது விரிந்தது. கயிறு இறுகியது. காற்று தள்ளத் தள்ள வள்ளம் ஆடியதே தவிர முன்னைப்போல ஓடவில்லை. காற்றுக்கு வைத்த பாய் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கொஞ்சம் மூச்சு விடவைத்தது. ஓய்வோம், பிறகு அதை இழுத்து ஏற்றிவிட்டு வலிப்போம், திரும்ப விடுவோம். நனைந்த தறப்பாள் ஒவ்வொரு முறையும் மாட்டைத் தூக்குகிற பாரம்.

பொழுது சாய, கச்சான் அடங்கியது. விடாமல் வலித்து, நன்றாக இருட்டிய பிறகு சல்லிக்கு வடக்கே எங்கேயோ வள்ளத்தின் அடி மணலில் தட்டியது. அங்கிருந்து ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோரம் இழுக்க, மற்றவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளிக்கொண்டு வந்தோம்.

எங்கள் கரையில் அக்கா நின்றாள். அவளோடு, எங்களைத் தேடப் போவதற்கு எண்ணெய் இல்லாத நாலைந்து பேரும் நின்றார்கள். அக்கா வள்ளத்தடிக்கு வந்தாள். மீன் கூடையை மணந்து பார்த்துவிட்டு, தூரத் தள்ளி வைத்தாள்.

எல்லாரும் பிடித்து வள்ளத்தை மணலில் ஏற்றினார்கள். வழமையான இடம் வந்ததும் விட்டார்கள்.

"இன்னும் மேல" என்றார் அத்தான்.

தென்னை வரைக்கும் கொண்டுபோய்க் கவிழ்த்தோம். மற்றவர்கள் போன பிறகும் நாங்கள் இருவரும் அதில் சாய்ந்து குந்தியிருந்தோம்.

"எண்ணெய் வந்தாத்தான் இனிக் கடல்."

"ஓம், அத்தான்."

அத்தான் எழும்பப் பார்த்தார், ஏலவில்லை. கை கொடு என்றார். என்னால் விரலை விரிக்க முடியவில்லை. துடுப்பைப் பிடித்தபடியே கொக்கி மாதிரி வளைந்து நின்றது. அந்தக் கொளுவியில்தான் பிடித்து எழும்பினார்.