இரண்டு தட்டு

முறிந்த கம்பியின் இரு துண்டுகளையும் உலையில் சூடேற்றும்போது செல்வலட்சுமி ஒரே தட்டில் வைக்கமாட்டாள். பரளச்சியிலிருந்து பஸ்ஸில் காரியாபட்டிப் பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து, கம்பிகளை இழுத்து முறித்துப் பார்ப்பது அவள் வேலை. சூடேற்றினால் பழைய வடிவத்துக்கே திரும்பும் கம்பிகள் அவை.

ஒருமுறை, இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கட்டும் என்று ஹாஃப்னியம் என்ற உலோகத்தைக் கூட்டிச் செய்து, வளையமாக வளைத்த கம்பி ஒன்று வந்தது. நிமிர்த்தி இழுத்தாள், பொட்டென்று முறிந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால், உலோகத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் நுண்மணிகளின் ஓரங்களில் துகள் படிந்திருந்தது. கரிசல் வெடிப்புபோல விரிசல் அந்த ஓரம் பிடித்தே ஓடியிருந்தது.

இரண்டு துண்டையும் ஒரே தட்டில் உலைக்குள் வைத்தாள். அவை மெல்ல நெளிந்து வளைந்தன. முறிந்த முனைகள் ஒன்றையொன்று தேடி வந்து, தொடாமல் நின்றன. அன்றிலிருந்துதான் இரண்டு தட்டு.

"எதுக்கும்மா ரெண்டு தட்டு?" என்று, ஆய்வுக்கூடத்துக்கு மேலாளராக வந்திருக்கும் புது சார் இன்றைக்கும் ஏசினார்.

"ஒடஞ்சது அதுகளுக்கு இன்னும் தெரியாது சார். பக்கத்துல வச்சா தெரிஞ்சிரும்."