இரண்டு ஊருக்கும் திமிர் பிடித்தவள்

கழக்கூட்டத்து அலுவலகத்தில் நான் சேர்ந்து நாலாவது நாள். கேன்டீன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற டீம் லீட் ஸ்மிதா, பக்கத்தில் இருந்தவளிடம் என்னைக் காட்டி, "அவள்க்கு பயங்கர ஜாட, கேட்டோ" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். பாளையங்கோட்டையிலிருந்து வந்த எனக்கு அப்போது மலையாளம் தெரியாது. ஆனால் ஜாடை தெரியுமே. யாரைப் போலவோ இருக்கிறேன் என்கிறாள் என்று எண்ணித் திரும்பி, "எங்க அப்பா ஜாடைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றேன். வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் சிரித்ததைவிட நான் சிரித்ததுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

மலையாளத்தில் ஜாட என்றால் திமிர். அது எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் 'அப்பா ஜாட' என் பட்டப்பெயராகிவிட்டது. முகம் பார்த்துப் பேசாததற்கு, ஓணக் கொண்டாட்டத்தில் செண்டைச் சத்தம் தாங்காமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்ததற்கு, தன் ப்ரெசன்டேஷன் எப்படி என்று கேட்டவளிடம் நன்றாக இல்லை என்று சொன்னதற்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான்.

ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? வீட்டுக்கு வந்தவர்களை "வாங்க" என்று கேட்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அது கொலைக்குற்றம். அந்த வார்த்தை எனக்கு நேரத்துக்கு வாயில் வராது. ஆள் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு வரும். "வாத்தியார் மவளுக்கு இருக்க திமிரப் பாரேன்" என்று என் சொந்த அத்தையே சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம் கேட்டால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். நானும் நம்பினேன். கண்ணாடி முன் நின்று திமிரைக் குறைக்கப் பழகிய பைத்தியக்காரி நான்.

போன வருஷம் இங்கே ஒரு டாக்டர் மூன்று நாள் பேசிப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், எதற்கு? அம்மாவுக்குப் போன் செய்தேன். "வெளிய சொல்லிராத. திமிருன்னே இருந்துட்டுப் போட்டும். தங்கச்சிக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கோம்லா" என்றாள். அக்காள் திமிர் பிடித்தவளாக இருந்தால் மாப்பிள்ளை வருவானாம். ஆட்டிசம் என்றால் வரமாட்டானாம்.

சத்தமில்லாத ஓர் இருக்கை கேட்டு மேனேஜருக்கு எழுதியபோது, அம்மா பேச்சைக் கேட்காமல் காரணத்தையும் எழுதினேன். ஒரே நாளில் நான் ஜாடக்காரியிலிருந்து 'பாவம்' ஆனேன். அடுத்த மாதமே விழிப்புணர்வுக் கூட்டம் என்று என்னை மேடையில் ஏற்றினார்கள். ஸ்மிதாவே மைக்கில் என்னை இன்ஸ்பிரேஷன் என்றாள். நான் என் நோட்டைத் திறந்தேன். மலையாளம் கற்க வைத்திருந்த நோட்டு அது. காதில் விழும் புதுச் சொல்லையெல்லாம் சொன்ன ஆளின் பெயரோடு எழுதி, அர்த்தம் தேடிக் குறித்துவைப்பேன். தமிழச்சிக்கு ஒன்றும் புரியாது என்று என் முன்னாலேயே என்னைப் பற்றி அவர்கள் பேசிய ஐந்து வருஷப் பேச்சு அதில் இருந்தது. பெயர் விடாமல், நல்ல மலையாளத்தில் வாசித்தேன். ஸ்மிதாவின் பெயர் பதினோரு தடவை வந்தது. இனித்தது. பொய் சொல்லமாட்டேன், சத்தியமாக இனித்தது.

இறங்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நேரத்தே பறயாமாயிருந்நில்லே?" என்றாள், முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. எனக்கே போன வருஷம்தான் தெரியும். தெரிந்து சொல்லியிருந்தாலும் ஐந்து வருஷம் முன்பே பாவமாகியிருப்பேன், அவ்வளவுதானே. என் தோளில் வைத்த கையை எடுத்துவிட்டு நடந்தேன்.

சாயங்காலம் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"மலையாளத்துலதான சொன்ன?"

"ஆமா."

"அப்பம் சரி" என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஆக, எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஆட்டிசம், அந்தப் பக்கம் திமிர். பஸ் எந்த இடத்தில் போகும்போது நான் மாறிக்கொள்ள வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் அம்மா, இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.