இனாம் இல்லாத ஆஸ்பத்திரி

எனக்குப் பிரசவ வலி கண்டபோது, வருஷா வருஷம் பணம் கட்டி நாங்கள் நம்பியிருந்த டாக்டர் பட்டணம் போயிருந்தார். கணவர் பட்டுத்தறியை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்திலிருந்து என்னை மாட்டுவண்டியில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"இனாமா பாக்கற எடத்துல நம்மள யாரு கவனிப்பாங்க?" என்று அதன் வாசலிலும் புலம்பினார்.

அங்கே வெள்ளைச் சேலையில் நின்றிருந்த நர்ஸம்மா காதில் அது விழுந்துவிட்டது.

"இனாம் இல்லப்பா. வெள்ளக்காரன் சர்க்காரா இருந்தாலும், இது நீ கட்டுற வரியிலதான் நடக்குது. உள்ள வாம்மா."

மகள் பிறக்கும்வரை அந்த நர்ஸம்மா என் கையை விடவில்லை.

குழந்தைக்குத் தலை நின்றதும் அவரிடம் காட்டப் போனேன். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். எந்த ஊரென்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மகளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. இன்றும் அந்த ஆஸ்பத்திரி வழியே போகும்போது, வெள்ளைச் சேலை தெரிந்தால் நின்று முகம் பார்க்கிறேன்.